காகிதத்திற் பொறித்த கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது படிப்பதற்கென அச்சிடப்படும் சிறு நூலைக் கல்வெட்டு என்று அழைப்பது வழக்கம். அதிலே கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. இறந்தவரின் ஊரையும் குலத்தையும் கொடையையும் சுற்றத்தையும் ஒரே வாய்பாடாக எடுத்துரைத்துப் புலம்பும் சில தாள்களே அவை. நம்மவருள் இலக்கியம் பேசுவோர் எவரும் இவற்றை இலக்கியமாகக் கொண்டதில்லை. நாமும் கொண்டதில்லை, வாங்கிக்கொண்டு வந்து பரணிலே போட்டதோடு சரி. ஆயினும் காகிதத்துக்குக் கல்லென்று பெயர் சூட்டிய அந்த மக்கள் மனத்திலே எத்தகைய அச்சமும் ஆசையும் இருந்திருத்தல் வேண்டும் என்ற வினா, அண்மையிலே வேறொரு மக்களின் நினைவு நூல்களைப் படிக்க நேர்ந்தபோது நம்மை விடாது தொடர்ந்தது.

கிழக்கு ஐரோப்பிய யூதரின் 'இஸ்கோர்' நூல்களையே இங்குக் குறிப்பிடுகின்றோம். இஸ்கோர் என்பது 'அவர் நினைவுகூர்வாராக' எனப் பொருள்படும் எபிரேயச் சொல். இறந்தோர்க்கான வேண்டுதலின் முதற்சொல்லும் அதுவே. 1939 முதல் 1945 வரையான ஆண்டுகளிலே ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தது. போலந்தில் மட்டும் போருக்கு முன் வாழ்ந்த ஏறத்தாழ 33 இலட்சம் பேருள் 30 இலட்சம் பேர் மாண்டனர். தெருவோடு தெருவாக, ஊரோடு ஊராக மக்கள் இல்லாதொழிந்தபோது, புதைக்க உடலும் இல்லை. கல் நாட்ட இடமும் இல்லை. பழைய இடுகாட்டுக் கற்களையும் பெயர்த்துத் தெருவுக்குப் பாவினர். இந்நிலையிலே, முன்னரே கடல் கடந்து நியூயோர்க்கிலும் புவனஸ் அயர்ஸிலும் ரெல் அவிவிலும் குடியேறியிருந்த ஊரவரும், சாவிலிருந்து தப்பி வந்து அவர்களோடு சேர்ந்தவரும் தத்தம் ஊர்ச் சங்கங்களின் வாயிலாகத் தம் ஊருக்கென ஒவ்வொரு நூல் தொகுத்தனர். அத்தகைய நூல்கள் 600க்கும் மேற்பட்டவை; இத்திஷ் மொழியிலும் எபிரேயத்திலுமாகப் பெரும்பாலும் 1950-களிலும் அதனை அடுத்த 20 ஆண்டுகளிலும் வெளிவந்தன. பலவற்றின் முன்னுரைகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன: இந்நூலே எம் உற்றாரின் நடுகல். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டு நம் நினைவுக்கு வந்தது இதனாலேயே.

மரபு புதியதன்று. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகர யூதர் 1296-இல் எழுதத் தொடங்கிய நினைவேடு, முதலாம் சிலுவைப் போரின்போது 1096-இல் கொல்லப்பட்டோர் முதலாக, 1349-இல் கொள்ளைநோயைப் பரப்பினர் என்று பழிசுமத்தி எரிக்கப்பட்டோர் ஈறாகப் பெயர்களைப் பதிந்து வைத்தது. தொழுகையிலே ஆண்டுதோறும் அப்பெயர்கள் வாசிக்கப்பட்டன. உக்ரேனின் புரொஸ்கூரொவ் நகரில் 1919-இல் நடந்த படுகொலையைப் பற்றி நியூயோர்க்கிலே வாழ்ந்த அவ்வூரவர் 1924-இல் நூல் வெளியிட்டனர். எனினும் பழைய ஏட்டுக்கும் இஸ்கோர் நூலுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பழைய ஏடு, இறந்தவரை இறைவனுக்காக உயிர் நீத்த தியாகிகளாகவே கண்டது. புதிய நூலோ அவர்களைத் தையற்காரராக, செருப்புத் தைப்பவராக, வண்டியோட்டிகளாக, தண்ணீர் சுமப்பவராக, வேலைநிறுத்தஞ் செய்தவராக, நாடகம் போட்டவராகக் காண்கின்றது. சமயப் பதிவேடு சமுதாய வரலாறாக மாறிய கதை இது.

இந்நூல்களின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எடுத்தவுடன் ஊரின் பழைய வரலாறு. பின்னர்ச் சந்தை நாள், குளிக்குமிடம், பள்ளிக்கூடம், நூல்நிலையம், தொழிற்சங்கம். தொழிலாளர் அமைப்பாகிய பண்டு இயக்கத்தினருக்கும் சியோனிசத்தினருக்கும் இடையே நடந்த வாய்ச்சண்டைகள். ஊரிலே யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பது. பைத்தியக்காரர், பிச்சைக்காரர் பற்றிய கதைகள். அதன்பின் அழிவைப் பற்றிய சாட்சியங்கள். கடைசியாகப் பெயர்கள், பக்கம் பக்கமாகப் பெயர்கள். சில நூல்களின் முடிவிலே வெறும் பக்கங்களும் விடப்பட்டுள்ளன. படிப்பவர் தம் குடும்பத்திலே இறந்தவரின் பெயரைத் தாமே எழுதிக்கொள்வதற்காக.

நம்மை மிகவும் நிறுத்தி வைத்தவை நினைவிலிருந்து வரைந்த ஊர்ப்படங்கள். நில அளவையாளன் இப்படங்களைக் கண்டாற் சிரிப்பான். அளவும் இல்லை, திசையும் சரியில்லை. தொழுகை மண்டபம் ஆற்றைக் காட்டிலும் அகலமாயிருக்கும். வரைந்தவன் சிறுவயதில் ஓடித் திரிந்த சந்து ஒரு பெருந்தெருவாக நீண்டிருக்கும். ஆனால் எந்த வீட்டில் எவர் இருந்தார், ரொட்டி சுட்டவரின் கதவுக்கு எதிர்க்கதவு எவருடையது என்பதெல்லாம் அதிலே உண்டு. அதே படத்திலே கிறித்தவ அயலவரின் தெருக்கள் சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதும் உண்டு. இரண்டு சமுதாயங்கள் ஒரே சந்தையில் விற்றும் வாங்கியும், ஒன்றையொன்று முழுமையாக அறியாது பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தன என்ற செய்தியை அந்தப் படம், வரைந்தவன் கருதாமலே, நமக்கு உரைக்கின்றது. சிறந்த யதார்த்த நாவலாசிரியன் முயன்று பெறும் பயனை இங்கு ஒரு தையற்காரனின் கோணல்மாணலான கோடு பெற்றுவிடுகின்றது.

இவை இலக்கியமாகுமா என்று கேட்போர் உளர். அன்று முதலே கேட்டனர். 1950-களில் இந்நூல்கள் பலவற்றை மதிப்பிட்ட யாக்கோப் ஷாட்ஸ்கி என்னும் வரலாற்றாசிரியர், பிழைகளையும் பயிற்சியின்மையையும் கடுமையாகவே சுட்டினார். அவர் சொன்னதிலே நியாயம் இருந்தது. ஒரே நிகழ்ச்சி மூன்று பேரால் மூன்று விதமாகச் சொல்லப்படுகின்றது, ஆண்டுகள் முரண்படுகின்றன, கண்ணீர் வாக்கியங்கள் தேய்ந்த நாணயங்கள் போற் கைமாறுகின்றன. ஆனால் தனியொரு கலைஞனின் ஆக்கத்துக்கு வகுத்த அளவுகோலை ஒரு கூட்டு முயற்சியின்மேல் வைத்து அளப்பது தகுமா? பேனா பிடித்துப் பழகாத நூற்றுக்கணக்கானோர், தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த இரவுகளில், அழிந்துபோன ஊரிற் பேசிய மொழியிலேயே எழுதினர். அம்மொழியைத் தம் பிள்ளைகள் படிக்கமாட்டார் என்று அறிந்தும் எழுதினர். நூல் சில நூறு பிரதிகளே அச்சாயிற்று. ஊரவரே பணம் சேர்த்தனர், ஊரவரே வாங்கினர். எழுதுபவன், படிப்பவன், எழுதப்பட்டவன் ஆகிய மூவரும் ஒரே ஊரார். மக்கள் இலக்கியம் என்று நாம் மேடைகளிலே பேசுவதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு அரிது. முரண்படும் மூன்று கூற்றுகளையும் தொகுப்பாசிரியர் அப்படியே விட்டுவைத்தமை, நம் நோக்கிற் குறையன்று. ஒருவரைத் திருத்தி மற்றவருக்கு இணக்கியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஓர் அறிக்கையே.

இவ்வளவு சொல்லியபின், பாராட்டோடு நின்றுவிடுதல் விமர்சனமாகாது.

இந்நூல்களிற் பெரும்பாலானவை தம் ஊரைக் காவியமாக்கிவிடுகின்றன. வெள்ளி இரவின் மெழுகுவர்த்தி ஒளியிலே செல்வரும் வறியரும் ஒரு குடும்பமாகத் தோன்றுகின்றனர். தறி முதலாளிக்கும் நெசவாளிக்கும் இடையே இருந்த பகை, 'நம் ஊர் இளைஞரின் துடிப்பு' என்று மென்மையாக்கப்படுகின்றது. சமயகுருமாரும் கட்சித் தலைவர்களும் தனி அத்தியாயம் பெற, வறியவன் பெரும்பாலும் வேடிக்கை மனிதனாகவே பக்கத்துக்குள் நுழைகின்றான். பெண்கள் எழுதியவை குறைவு. தாயைப் பற்றிய பக்கங்கள் ஏராளமாயிருக்க, தாயே எழுதிய பக்கத்தைத் தேட வேண்டியிருக்கின்றது. தொகுத்தவரின் கட்சிச் சார்புக்கேற்ப மாற்றுக் கட்சியினர் சுருங்குவதும் மறைவதும் உண்டு. இறந்தவரைப் பற்றித் தீது பேசலாகாது என்பது எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுவான பண்பாடு; நம் கல்வெட்டுகளில் ஒரு கஞ்சனையாவது எவரேனும் கண்டதுண்டா? ஆனால் கொலையுண்டவரை நல்லவராக்கித்தான் அக்கொலையைக் கண்டிக்க இயலும் என்று கருதுவது, அறியாமலே கொலைகாரனின் தருக்கத்துக்கு இடங்கொடுப்பதாகும். கஞ்சனைக் கொன்றதும் கொலையே.

இதனை நன்கு உணர்ந்திருந்தவர் இமானுவேல் ரிங்கல்புளூம். இடதுசாரித் தொழிலாளர் கட்சியொன்றைச் சேர்ந்த வரலாற்றாசிரியர், மார்க்சிய நோக்குடையவர். வார்சோ நகரத்து யூதச் சேரி மதிலடைக்கப்பட்ட 1940 நவம்பரிலே 'ஓய்னெக் ஷாபெஸ்' என்ற இரகசிய ஆவணக் குழுவை அவர் அமைத்தார். ஆசிரியர், எழுத்தர், சமயகுரு, மாணவர், எழுதவே பழகாதவர் எனப் பலரையும் எழுத வைத்தார். எதனை எழுதச் சொன்னார் என்பதே முக்கியம். கடத்தல், கஞ்சித்தொட்டி, அகதிகளின் தங்குமிடம், தெருவிற் சாகும் குழந்தை, பெண்களின் நிலை. அவற்றோடு யூதப் பொலீசாரின் கொடுமை, யூதப் பேரவையின் பாரபட்சம், பட்டினிக்கு நடுவே விருந்துண்ட செல்வர் ஆகியவற்றையும் மறையாது எழுதவேண்டும் என்றார். 1942 ஆகஸ்டிலும் 1943 பெப்ரவரியிலும் அத்தாள்கள் பெட்டிகளிலும் பாற்பாத்திரங்களிலும் அடைக்கப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையிலே புதைக்கப்பட்டன. 1944 மார்ச்சில் ரிங்கல்புளூம் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். பெட்டிகள் 1946 செப்டெம்பரிலும் பாற்பாத்திரங்கள் 1950 டிசெம்பரிலும் இடிபாடுகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்டன. குழுவிலே உயிர்தப்பியவர் மூவரே. அவருள் ஒருவரான ராகெல் அவுர்பாக், சேரியிலே கஞ்சித்தொட்டி நடத்தியவர். தம்மிடம் உணவுக்கு வரிசையில் நின்றவரைப் பற்றி எழுதியவர்.

சாவின் வாயிலிலே நின்றவர் காட்டிய கண்டிப்பை, உயிர்தப்பி நியூயோர்க்கில் இருந்து எழுதியவர் காட்டவில்லையே என்று குறைகூற எவருக்கும் மனம் வராது. துயரம் வேறு, ஆய்வு வேறு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர், நினைவு எங்கே கூர்மையிழக்கின்றது என்பதைக் காண்பர்.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கே காரணமான நூலுக்கு வருவோம். போலந்தின் வடகிழக்கிலே யெட்வாப்னெ என்று ஒரு சிற்றூர். 1939 செப்டெம்பர் முதல் சோவியத் ஆட்சியிலிருந்த அவ்வூர், 1941 ஜூனிலே ஜேர்மனியர் கைக்கு மாறிற்று. அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் அவ்வூர் யூதர் சந்தைச் சதுக்கத்திலே திரட்டப்பட்டனர். சிலர் அங்கே நின்றிருந்த லெனின் சிலையை உடைத்துச் சுமந்து வருமாறு பணிக்கப்பட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஆண், பெண், குழந்தை யாவரும் ஒரு வைக்கோற் கொட்டிலுள் அடைக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டனர். 1960-களில் அங்கே அரசு நாட்டிய கல், கெஸ்ராப்போவும் ஹிட்லரின் காவற்படையும் 1600 பேரை எரித்ததாகக் கூறிற்று. தப்பிப் பிழைத்த ஷ்முல் வாசர்ஷ்ரைன் 1945 ஏப்பிரலிலேயே யூத வரலாற்று ஆணைக்குழுவின் முன் வேறு சாட்சியம் அளித்திருந்தார்: எரித்தவர் அதே ஊரின் போலந்துக்காரர். 1949-இல் வோம்ஜாவிலே வழக்கு நடந்து சிலர் தண்டிக்கப்பட்டும் இருந்தனர். நீதிமன்றத்து ஏடு ஒன்றைச் சொல்ல, கல் மற்றொன்றைச் சொல்லிற்று. மக்கள் பார்வையில் நின்றது கல்லே.

அவ்வூரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பேக்கர் சகோதரர் இருவர் தொகுத்த யெட்வாப்னெ நினைவு நூல் 1980-இல் வெளிவந்தது. மற்ற இஸ்கோர் நூல்களைப் போன்றதே அதுவும். அதே புலம்பல், அதே பட்டப்பெயர்கள், அதே மங்கிய படங்கள். கலைநயம் தேடுவோர் பத்தாம் பக்கத்திலேயே மூடிவிடுவர். ஆனால் அதிலே தப்பியோரின் சாட்சியங்கள் இருந்தன; எரித்தவர் அயலவரே என்ற செய்தி ஒளிவுமறைவின்றி அச்சாகியிருந்தது. 20 ஆண்டுகள் அதனை ஊரார் தவிர எவரும் பொருட்படுத்தவில்லை. யான் குரோஸ் என்னும் வரலாற்றாசிரியர் வாசர்ஷ்ரைனின் சாட்சியத்தையும் வழக்கேடுகளையும் இந்நூலையும் ஒருங்கே வைத்து 2000-இல் போலிஷ் மொழியில் 'அயலவர்' என்ற நூலை வெளியிட்டபோது, ஒரு நாடே அதிர்ந்தது. அரசின் நினைவு நிறுவகம் விசாரணை நடத்தியது. ஜேர்மனியரின் தூண்டுதலோடு, குறைந்தது 40 போலந்து ஆண்கள் கொலையில் ஈடுபட்டனர் என்றும், இறந்தோர் 340 பேருக்குக் குறையார் என்றும் அது முடிவு செய்தது. ஆகவே நினைவு நூல் எண்ணிலே பிழைத்தது. எவர் செய்தார் என்பதிலே பிழைக்கவில்லை. 2001-இல் ஓரளவே நடந்த அகழ்வின்போது, எலும்புகளுக்கிடையே லெனின் சிலையின் துண்டுகளும் கிடந்தன. நூலைப் பாட்டிகளின் ஒப்பாரி என்று ஒதுக்கியவர்கள், மண்ணும் அதே ஒப்பாரியைப் பாடக் கேட்டனர்.

இங்கே முற்போக்காளராகிய நாம் நமக்குள்ளேயே ஒன்றைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். பொய்யுரைத்த அந்தக் கல்லை நாட்டியது பாசிச அரசன்று. தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசு. யெட்வாப்னெ தனித்த நிகழ்ச்சியுமன்று. இலியா எரென்பேர்க்கும் வசீலி குரோஸ்மனும் செம்படையோடு சென்று, சோவியத் மண்ணிலே யூதர் கொல்லப்பட்ட வரலாற்றைச் சாட்சியங்களாகத் திரட்டிக் 'கருப்பு நூல்' என்று தொகுத்தனர். அதன் அச்சுக்கோப்பு 1948-இல் அழிக்கப்பட்டது. ரஷ்ய மொழியிலே அது 1980-இல் எருசலேமிலேதான் வெளிவந்தது. கீவ் நகரருகே பாபி யார் பள்ளத்தாக்கிலே 1941 செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களிற் சுடப்பட்டவர் 33,771 யூதர் என்பது கொன்றவரே எழுதிவைத்த கணக்கு. 1976-இல் அங்கு எழுப்பிய சின்னமோ சோவியத் குடிமக்களையும் போர்க்கைதிகளையும் பொதுவாகவே நினைவுகூர்ந்தது. இறந்தோரைப் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அன்றைய வாதம். கேட்பதற்கு உயர்ந்த மானிட நேயமாகவே ஒலிக்கின்றது. நம்முட் பலர் அதனைத் திருப்பிச் சொல்லியும் இருக்கின்றோம். அப்பள்ளத்தாக்கிலே வேறு பலரும் கொல்லப்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் அந்த இரு நாள்களில் ஒருவன் கொல்லப்பட்டதற்குக் காரணம் அவன் குடிமகன் என்பதன்று, யூதன் என்பது. கொலைகாரன் பிரித்துக் கொன்றவரைக் கல்லிலே மட்டும் ஒன்றாக்குவது ஒற்றுமையாகாது. வர்க்க நோக்கு என்பது மனிதரின் பெயரை அழிப்பதற்குக் கிடைத்த அழிப்பானன்று. ரிங்கல்புளூமின் மார்க்சியம் அவரை ஒவ்வொரு கஞ்சித்தொட்டிக்கும் பெயர் எழுத வைத்தது என்பதை மறத்தலாகாது.

யெட்வாப்னெயிலே பழைய கல் 2001 மார்ச்சில் அகற்றப்பட்டது. ஜூலை 10ஆம் நாள், 60 ஆண்டு நிறைவிலே, குடியரசுத் தலைவர் குவாஷ்னியெவ்ஸ்கி அவ்வூருக்குச் சென்று மன்னிப்பு வேண்டினார். ஊராரிற் பலர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டனர். புதிய கல்லிலே, இம்மண்ணில் உடன்வாழ்ந்த யூதர், ஆணும் பெண்ணும் குழந்தைகளும், இவ்விடத்திற் கொல்லப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டனர் என்ற கருத்தில் வாசகம் உண்டு. நம் இலக்கணம் கற்றோர் உடனே கவனிப்பர்: வினை செயப்பாட்டு வினையாக நிற்கின்றது. பழைய கல்லிலே வினைமுதல் பொய். புதிய கல்லிலே வினைமுதலே இல்லை. கல் செதுக்குவதற்கு முன் பலர் கூடியிருந்து, எவரும் புண்படாவண்ணம் ஒப்புக்கொண்ட வாக்கியம் அது என்பது தெரிகின்றது. நினைவு நூலைத் தொகுத்தவருக்கு அத்தகைய கூட்டம் எதுவும் இல்லை. அதனாலே அவர்களின் வாக்கியங்களில் வினைமுதல் உண்டு.

இன்னொன்று சொல்லவேண்டும். யெட்வாப்னெக்கு அருகே யாஞ்செவ்கோ என்னும் குக்கிராமத்தில் அந்தோனினா விஷிகொவ்ஸ்கா என்ற போலந்துக் குடியானவப் பெண், கொலைக்குத் தப்பிய எழுவரைத் தன் பண்ணையிலே போர் முடியும்வரை ஒளித்துக் காத்தார். எழுவருள் வாசர்ஷ்ரைனும் ஒருவர். போர் முடிந்தபின், யூதரைக் காத்த குற்றத்துக்காக அயலார் அவரை அடித்தனர். அவர் அவ்விடத்தை விட்டே பெயர வேண்டியதாயிற்று. வினைமுதல் இல்லாத வாக்கியத்திலே இவருக்கும் இடமில்லை. எரித்தவரைச் சொல்லாது விட்டாற் காத்தவரையும் சொல்ல இயலாது போகின்றது. அவர் எவரிடமிருந்து காத்தார் என்று எழுதுவது?

இன்று இந்நூல்களை, இத்திஷ் அறியாத பேரப்பிள்ளைகள் அத்தியாயம் அத்தியாயமாக ஆங்கிலத்துக்கு மாற்றி வருகின்றனர். யாக் குகல்மாஸ், யொனதன் பொயாரின் இருவரும் பல நூல்களிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் 'பாழடைந்த தோட்டமொன்றிலிருந்து' என்ற பெயரில் 1983-இலேயே வெளிவந்தன. இத்துறையிற் புகுவோருக்கு அதுவே எளிய வாயில். எனினும் அத்தகைய தெரிவுகளிலே நல்ல கதைகளும் சுவையான பட்டப்பெயர்களும் இடம்பெற, பெயர்ப்பட்டியல்கள் விடுபட்டுப் போதல் இயல்பு. தொகுப்பாசிரியரை நாம் குறைகூறவில்லை. பட்டியலை எவர் படிப்பர்? ஆனால் முழு நூலொன்றை எடுத்து, அதன் இறுதிப் பகுதியை வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். தையற்காரர் ஒருவர், மனைவி, பிள்ளைகள் நால்வர்; அடுத்த வரி, அவருடைய தம்பி, மனைவி, பிள்ளைகள் மூவர். பிள்ளைகளின் பெயர் சில இடங்களில் இல்லை, எண்ணிக்கை மட்டுமே உண்டு. பட்டியல் எழுதியவருக்கு அப்பெயர்கள் நினைவில் இல்லை. கேட்டறிய அவ்வீட்டில் எவரும் எஞ்சவும் இல்லை.